கரிசல் மண்ணில் ஒரு பவளத்தொட்டி: மதுரை வீடொன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரைக்குத் தெற்கே, திருமங்கலம் பக்கத்துக் கரிசல் பூமியில் உள்ள ஒரு தனி வீடு. வீட்டுக்காரர் நன்னீர் மீன் வளர்ப்பில் பழகியவர். 300 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்றை மூன்று ஆண்டு நன்றாகவே ஓட்டியவர். அடுத்ததாகக் கூடத்தின் நீளச் சுவர் முழுக்க ஒரே தொட்டி வைக்க விரும்பினார்: 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 80 செ.மீ. உயரம். கீழே ஓடும் சம்ப்பையும் (பம்ப்பும் வடிகட்டும் கருவிகளும் இருக்கும் கீழ்த்தொட்டி) சேர்த்தால் மொத்த நீர் 2,450 லிட்டர்.

பெரிய தொட்டி பராமரிக்கச் சுலபம் என்று இந்தப் பொழுதுபோக்கில் எல்லோரும் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. நீர் அதிகமாக இருந்தால் கெடுவதற்கு நேரம் எடுக்கும், சரி. கெட்ட பிறகு சரிசெய்யவும் அதே அளவு நேரம் எடுக்கும் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. தேர் மாதிரிதான்: கிளப்புவதும் பாடு, ஓடத் தொடங்கினால் நிறுத்துவதும் பாடு. இந்த வீட்டில் நடந்த இரண்டு சிக்கல்களுமே அப்படி மெதுவாகத் திரண்டு, மெதுவாகவே தீர்ந்தன.

ஆவணியில் திட்டம் போட்டு, மார்கழியில் நீர் நிரப்பி, மாசியில் உயிர்களை விட்டார்கள். முதல் சிக்கல் சித்திரையில், இரண்டாவது ஆடியில்.

இடமும் எடையும்

முதலில் கேட்ட இடம் மாடிக் கூடம். கட்டடப் பொறியாளர் கணக்குப் போட்டுக் காட்டியதும் அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது. 19 மி.மீ. கண்ணாடியில் ஐந்து பக்கமும் பட்டைகளும் சேர்ந்து சுமார் 500 கிலோ, 75 செ.மீ. உயரத்துக்கு உப்புநீர் 2,180 கிலோ. பாறை 170, மணல் 120, இரும்பு ஸ்டாண்ட் 220. ஆக 3,190 கிலோ, 3 சதுர மீட்டரில். சதுர மீட்டருக்கு ஒரு டன்னுக்கு மேல் வருகிறது. குடியிருப்பு அறைகளின் தளத்துக்கு இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 எடுத்துக்கொள்ளும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோதான். சுவரோரமாக, பீமுக்கு மேல் வைத்தால் தாங்கும் என்று சிலர் சொல்வதுண்டு. கட்டட வரைபடத்தைப் பார்க்காமல் அப்படிச் சொல்பவரை நம்ப வேண்டியதில்லை.

தரைத்தளத்திலும் நேரடியாக டைல்ஸ் மேல் வைக்கவில்லை. கரிசல் மண் ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் பிளக்கும். தொட்டியின் ஒரு முனை 5 மி.மீ. இறங்கினாலும் 3 மீட்டர் நீளக் கண்ணாடியில் அது முறுக்காக விழும். பசை இணைப்பு அதைத் தாங்காது. அதனால் 4 மீட்டருக்கு 1.6 மீட்டர் பரப்பில் டைல்ஸைப் பெயர்த்து, 60 செ.மீ. ஆழத்துக்குக் கரிசலை அள்ளி வெளியே போட்டு, கிராவல் கொட்டி, மூன்று அடுக்காகத் தண்ணீர் விட்டு இடித்து இறுக்கினார்கள். அதன்மேல் 10 செ.மீ. வெறும் கான்கிரீட். அதற்கும் மேல் 15 செ.மீ. எம்20 கான்கிரீட், 10 மி.மீ. கம்பி 15 செ.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக. இந்தப் பலகைக்கும் வீட்டின் பழைய தரைக்கும் நடுவே சுற்றிலும் 12 மி.மீ. தெர்மாகோல் விட்டதுதான் முக்கியம்: எது அசைந்தாலும் மற்றதை இழுக்காது. 21 நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள்.

மட்டம் பார்த்த விதமும் சொல்லத் தகுந்தது. ரசமட்டக் கட்டையை மூன்று இடத்தில் வைத்துப் பார்த்த கொத்தனார் சரியாக இருக்கிறது என்றார். டியூப் லெவல் பிடித்துப் பார்த்தபோது இரு முனைக்கும் 6 மி.மீ. வித்தியாசம். "கட்டை சின்னது சார், பத்தடிக்கு டியூப்புதான் பேசும்" என்று அவரே சொல்லி, தேய்த்து 2 மி.மீ.க்குள் கொண்டுவந்தார். ஸ்டாண்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே 18 மி.மீ. மரைன் பிளைவுட், அதன்மேல் 10 மி.மீ. ஃபோம்.

தொட்டியைக் கூடத்துக்குள்ளேயே வைத்து ஒட்டினார்கள். அரை டன் கண்ணாடியை வாசல் வழியே திருப்பிக் கொண்டுவர வழி இல்லை. மேல் விளிம்பைச் சுற்றி 10 செ.மீ. பட்டையும் நடுவே இரண்டு குறுக்குப் பட்டையும் வைத்தார்கள். சிலிகோன் காய இரண்டு வாரம் விட்டு, சாதாரணத் தண்ணீரில் பத்து நாள் கசிவுச் சோதனை.

நீர் போகும் பாதை

கசிவுச் சோதனையில் கண்ணாடி ஒழுகவில்லை, சம்ப்தான் வழிந்தது. இது பெரிய தொட்டிகளில் அடிக்கடி நடப்பதால் கணக்கோடு பதிகிறோம்.

மேல்தொட்டியில் நீர்மட்டம் 1 செ.மீ. இறங்கினால் 28 லிட்டர் கீழே வருகிறது. சம்ப்பிலிருந்து நீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 7 செ.மீ. கீழே இருந்தது. பம்ப்பை நிறுத்தியதும் அந்தக் குழாய் நீரைத் தானாகக் கீழே இழுக்கும் சைஃபனாக மாறி, வாய் வெளியே தெரியும்வரை இழுத்தது: சுமார் 200 லிட்டர், குழாய்களில் நின்ற 15 லிட்டர் வேறு. சம்ப்பின் கொள்ளளவு 550, ஓடும்போது நிற்பது 400. மிச்ச இடம் 150. எஞ்சிய 60 லிட்டருக்கு மேல் தரையில் ஓடியது. குழாயில் ஒருவழி வால்வு இருந்தும் பயனில்லை. அதன் தட்டில் ஒரு மணல் துகளோ நத்தையோ சிக்கினால் போதும், வால்வு மூடாது. அதை நம்பிச் சம்ப்பின் அளவைத் தீர்மானிக்கக் கூடாது.

வாயை 1.5 செ.மீ. ஆழத்துக்கு உயர்த்தி, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே 6 மி.மீ. துளை போட்ட பிறகு, பம்ப்பை நிறுத்தினால் இறங்குவது 57 லிட்டர் மட்டும். அந்தத் துளையில் பாசி அடைக்கும் என்பதால் மாதம் ஒருமுறை குச்சி விட வேண்டும்.

வடிகாலுக்கு மூன்று குழாய்: ஒன்று முழுச் சைஃபன், கேட் வால்வால் கட்டுப்படுத்துவது, இரண்டாவது மிச்ச நீர் மெல்ல ஒழுகுவதற்கு, மூன்றாவது அவசரத்துக்கு, எப்போதும் காலியாக. ரிட்டர்ன் ஓட்டம் உயரம் போக மணிக்கு 8,000 லிட்டர். தொட்டிக்குள் அலைக்கு நான்கு வேவ்மேக்கர்கள், எல்லாமே 24 வோல்ட் டி.சி. வகை. இந்தத் தேர்வின் பலன் சித்திரையில் தெரிந்தது.

நன்னீரும் உப்பும்

வீட்டுப் போர் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) 1,350 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் அத்தனை பங்கு. வழக்கமான ஆர்.ஓ. சவ்வு 96 சதவீதம் தடுத்தாலும் வெளியே வருவது 55 பிபிஎம், அதை, எஞ்சிய உப்பைப் பிடிக்கும் டி.ஐ. ரெசினில் விட்டால் ஒரு லிட்டர் ரெசின் ஐந்நூறு லிட்டர் தண்ணீருக்குக்கூட நிற்காது. எனவே முதல் சவ்வில் வந்த நீரை வேறொரு தொட்டியில் சேர்த்து, பூஸ்டர் பம்ப் வைத்து இரண்டாவது சவ்வில் விட்டார்கள். அங்கிருந்து 5 பிபிஎம்முக்குக் கீழே இறங்கி ரெசினுக்குப் போனதால் ரெசின் செலவு பல மடங்கு குறைந்தது. கழிவுநீரின் உப்பு செடிகளுக்கு ஆகாது; கழிப்பறைத் தொட்டிக்கும் தரை கழுவவும் திருப்பினார்கள்.

பாம்பனிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ லாரியில் கடல்நீர் கொண்டுவரலாமே என்ற யோசனையும் வந்தது. முதல் நிரப்பலுக்கு அது மலிவுதான். ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோர நீரின் உப்பு இறங்கும். மூடிய டேங்கரில் நுண்ணுயிர்கள் செத்து நீர் கெடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 250 லிட்டர் மாற்றுவதற்கு லாரி அமர்த்த முடியாது. உப்புக் கலவையே எடுத்தார்கள். லிட்டருக்கு 37 கிராம் வீதம் மொத்தம் 90 கிலோ. 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) உப்பளவை ரிஃப்ராக்டோமீட்டரில் பார்க்கும்போது, கருவியை வெறும் ஆர்.ஓ. நீரில் பூஜ்யம் வைக்காமல் 35 பிபிடி நிர்ணயக் கரைசலில் சரிபார்த்தார்கள். பூஜ்யத்தில் சரியாகக் காட்டும் கருவி 35இல் இரண்டு புள்ளி தவறுவது சகஜம்.

ஆவியாகும் நீர் கார்த்திகை, மார்கழியில் நாளுக்கு 20 லிட்டர், சித்திரையில் 35. அதை ஈடுகட்டும் தானியங்கி டாப்-அப் தொட்டியை வேண்டுமென்றே 100 லிட்டரோடு நிறுத்தினார்கள். சென்ஸார் பழுதாகி 100 லிட்டரும் ஒரேயடியாக உள்ளே போனாலும் உப்பு 35இலிருந்து 33.6க்குத்தான் இறங்கும், எந்த உயிரும் சாகாது. ஆர்.ஓ. குழாயை நேராகச் சம்ப்பில் மிதவை வால்வோடு பொருத்தும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அதில் ஒரு இரவு போதும், தொட்டி நன்னீர்க் குட்டையாகிவிடும்.

பாறை

ராமேஸ்வரம் பக்கம் போனால் கல் கிடைக்கும், ஒரு வண்டியில் அள்ளிப் போடலாம் என்று அறிவுரை சொல்ல ஆள் இருந்தது. சட்டம் இதில் தெளிவு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல் பவளங்கள் எல்லாமே இருக்கின்றன; கடல் விசிறி, கரும்பவளம், நெருப்புப் பவளம், கடல் குதிரை, கடல் அட்டையும் அப்படியே. செத்த பவள எலும்புக்கூடும் அதில் அடங்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள நீரும் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. ஆகவே இது கல் பவளம் இல்லாத தொட்டி என்று முதலிலேயே முடிவானது: லெதர், மஷ்ரூம், ஜோவாந்திட், ஜீனியா போன்ற மென்பவளங்களும் அவற்றின் உறவுகளும் மட்டும், ரசீதோடு விற்பவரிடம்.

பாறையை வீட்டிலேயே வார்த்தார்கள். வெள்ளைச் சிமென்ட் ஒரு பங்கு, கோழித் தீவனத்துக்கு விற்கும் கிளிஞ்சல் குருணை இரண்டு பங்கு, கல் உப்பு ஒன்றரைப் பங்கு. தண்ணீர் மிகக் குறைவு. கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், ஒழுகக் கூடாது. ஈர மணலில் குழி தோண்டி அதற்குள் அமுக்கி, விரலால் குகைகள் குடைந்து, ஒரு வாரம் ஈரச்சாக்கு போர்த்தினார்கள். பிறகு தண்ணீரில் போட்டதும் கல் உப்பு கரைந்து துளைகள் விழும். இரும்புக் கம்பி எங்கும் வைக்கவில்லை. வலுவுக்கு ஃபைபர் கம்பி.

சிமென்ட் பாறையில் அவசரப்படுகிறவர்கள்தான் அதிகம். ஊற வைத்த நீரின் பிஹெச் முதல் வாரம் 12. வாரம் ஒருமுறை நீரை மாற்றி, நடுவில் இரண்டு முறை வினிகர் கலந்து, பத்து வாரத்தில் 8.5க்கு வந்தது. அதுவும் ஒரு நாள் அளவு பார்த்துத் திருப்தியடையாமல், நீரை மாற்றாமல் மூன்று நாள் விட்டு, ஏறவில்லை என்று உறுதி செய்த பிறகே தொட்டிக்குள் இறக்கினார்கள். அடுக்கும்போது எபாக்ஸியால் ஒட்டி மூன்று பெரிய தீவுகளாக்கினார்கள். பார்க்க அழகுதான். ஆடி மாதம் அதன் விலை தெரிந்தது.

முதல் மாதங்கள்

மார்கழியில் உப்புநீர் நிரப்பி, 2 பிபிஎம் வரும்படி அம்மோனியம் குளோரைடு 14.5 கிராம் கரைத்து, பாட்டில் பாக்டீரியா சேர்த்தார்கள். ஐந்து வாரத்தில், போட்ட 2 பிபிஎம் ஒரு நாளுக்குள் நைட்ரேட்டாக மாறும் நிலை வந்தது. பெரிய அளவில் நீர் மாற்றி, மாசியில் முதல் மீன்கள்: பண்ணையில் பொரித்த கோமாளி மீன்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் கோமாளி மீனையும் டாம்சல் மீனையும் பொரிக்கவைக்கும் முறைகளை உருவாக்கியிருப்பதால், இந்த இனங்களைக் கடலிலிருந்து பிடித்து வாங்க வேண்டிய தேவையில்லை. ஒரு மாத இடைவெளியில் மென்பவளங்கள், 80 முதல் 150 பார் (பவளம் பயன்படுத்தும் ஒளியின் அளவு) ஒளியில்.

ஏசி போட்டு மூடிய கூடத்தில் இரவு பிஹெச் 7.7க்கு இறங்கியது. மனிதர் விடும் கரியமில வாயு போக வழியில்லை. காற்றுக் குமிழிகளால் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை வெளிச்சுவர் வழியே வெளியே விட்டதும் 8.0க்கு ஏறியது. இதில் இன்னொரு லாபமும் உண்டு: கூடத்தில் போடும் கொசு மருந்து ஆவியை ஸ்கிம்மர் உறிஞ்சாது. அந்த மருந்துகளில் உள்ள பைரெத்திராய்டு இறால் வகைகளுக்குக் கொடிய நஞ்சு. சாம்பிராணியைப் பற்றி வீட்டுப் பெரியவர் கேட்டார். பூஜையறை தள்ளி இருந்ததால் அதில் யாரும் கைவைக்கவில்லை.

சித்திரை: சில்லர் அறை

நீரைக் குளிர்விக்க ஒன்றரை ஹெச்.பி. சில்லர் ஒன்றே. அதை சம்ப் இருந்த 8 அடிக்கு 6 அடி அறைக்குள்ளேயே, சத்தம் கூடத்துக்குக் கேட்காதபடி வைத்திருந்தார்கள். மார்கழியிலும் தையிலும் அது நாளுக்கு மூன்று மணி நேரம்கூட ஓடவில்லை, எல்லோருக்கும் நிம்மதி. குளிர்காலத்தில் சோதித்த சில்லர், சோதிக்காத சில்லருக்குச் சமம் என்பது அப்போது தோன்றவில்லை.

பங்குனிப் பதிவேட்டில் அறிகுறி இருந்தது. தொட்டியின் மாலை வெப்பம் 26.5இலிருந்து 27.2, 27.6, 27.9 என்று வாரவாரம் ஏறியிருக்கிறது. சில்லர் ஓடும் நேரம் 14 மணி நேரத்தைத் தாண்டியிருக்கிறது. ஒரே நாளில் இவ்வளவு ஏறியிருந்தால் யாராவது ஓடிப்போய்ப் பார்த்திருப்பார்கள். வாரத்துக்கு அரை டிகிரி என்றதும் வெயில் காலம்தானே என்று விட்டுவிட்டார்கள்.

காரணம் எளிது. சில்லர் நீரிலிருந்து எடுக்கும் சூடு எங்கும் மறைவதில்லை. கம்ப்ரஸரின் சொந்தச் சூட்டோடு சேர்ந்து சுமார் 4 கிலோவாட் அந்தச் சின்ன அறைக்குள்ளேயே கொட்டியது. அறை சூடாகச் சூடாகச் சில்லரின் திறன் குறையும், திறன் குறையக் குறைய அதிக நேரம் ஓடும், ஓட ஓட அறை இன்னும் கொதிக்கும். திறந்த சம்ப்பும் அதே அறையில்தான் இருந்தது.

சித்திரையில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குப் போன மின்சாரம் மாலை 5 மணிக்கு வந்தது. முன்கூட்டியே அறிவித்த மின்தடைதான்; 5 கேவிஏ ஜெனரேட்டரும் தயாராக இருந்தது. சில்லர் ஓடும்போது இழுப்பது 1.3 கிலோவாட் என்பதால் போதும் என்று கணக்கு. ஆனால் கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் ஐந்தாறு மடங்கு இழுக்கும். இரண்டு முறை முக்கி, இரண்டு முறையும் ஜெனரேட்டர் அணைந்தது. மூன்றாவது முறை முயல வேண்டாம் என்று எலக்ட்ரீஷியன் தடுத்தது சரி, மோட்டாரின் கம்பிச்சுருள் கருகியிருக்கும்.

அதன்பின் எடுத்த முடிவுகள் நல்லவை. இன்வெர்ட்டரில் ரிட்டர்ன் பம்ப்பும் இரண்டு வேவ்மேக்கரும் மட்டும் ஓடின, டி.சி. பம்ப்புகள் என்பதால் பேட்டரி எட்டு மணி நேரம் தாங்கியது. 28 டிகிரியில் கடல்நீர் பிடித்துவைக்கும் ஆக்சிஜனே லிட்டருக்கு 6.4 மில்லிகிராம்தான்; இந்த வெப்பத்தில் சூட்டைவிட ஆக்சிஜன் குறைவே முதலில் கொல்லும். விளக்குகளைப் போடவில்லை. தீனியும் இல்லை. மேற்பரப்பில் மேசை விசிறி வைத்தார்கள்.

ஐஸ் கட்டி வாங்கிப் போடலாமா என்ற கேள்விக்குக் கணக்கே பதில். இந்த நீரை ஒரு டிகிரி இறக்க 2.8 யூனிட் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். அதற்குச் சுமார் 25 கிலோ ஐஸ் உருகியாக வேண்டும், ஒரே ஒரு டிகிரிக்கு. அது உருகிய நன்னீர் உள்ளே கலக்காதபடி டிரம்மில் அடைத்து மிதக்கவிட வேண்டும். வேண்டாம் என்று விட்டார்கள்.

மாலை 5 மணிக்கு நீர் 30.1 டிகிரி. மின்சாரம் வந்ததும் சில்லர் கிளம்பி, பத்தே நிமிடத்தில் அழுத்தம் கூடி ட்ரிப் ஆனது. அறைக்குள் தெர்மாமீட்டர் 46 காட்டியது. கதவின் இரும்புத் தாழ்ப்பாளைத் தொட முடியவில்லை. கதவைத் திறந்துவைத்து, பெடஸ்டல் ஃபேனை அறைக்குள் காற்று விடாமல் வெளியே இழுக்கும்படி திருப்பி வைத்த பிறகுதான் நின்று ஓடியது. 27.5க்குத் திரும்ப விடிந்துவிட்டது.

ஜீனியா முழுக்கக் கரைந்தது. அதனால் அம்மோனியா 0.2 பிபிஎம் காட்ட, வடிகட்டும் கார்பன் போட்டு 400 லிட்டர் நீர் மாற்றினார்கள். லெதர் பவளங்கள் பத்து நாள் வாய் திறக்கவில்லை, பிறகு தோலுரித்துத் தேறின. மீன் சாகவில்லை.

வைகாசி பிறப்பதற்குள் மாற்றம். ஒரு பெரிய சில்லருக்குப் பதில் முக்கால் ஹெச்.பி. சில்லர் இரண்டு, வெளிச்சுவரில்; ஒன்று 26.5இலும் மற்றது 27இலும் கிளம்பும்படி. கிளம்பும் மின்னோட்டம் பாதியானதால் ஜெனரேட்டர் ஒவ்வொன்றாகத் தூக்கியது. ஒன்று பழுதானாலும் மற்றது ஓடும். குழாய்களுக்கு நைட்ரைல் உறை.

இடத்தைத் தேர்ந்ததில் ஒரு நுட்பம். வடக்குச் சுவர் நிழலாக இருக்கும் என்று எல்லோரும் நினைப்பார்கள். மதுரையில் சித்திரை பிறந்த சில நாளிலேயே உச்சிச் சூரியன் தலைக்கு நேராக வந்துவிடும்; அதன்பிறகு ஆவணி வரை வடக்கே சாய்ந்துதான் நிற்கும். அக்னி நட்சத்திரத்தில் நண்பகல் வெயில் விழுவது வடக்குச் சுவரில். எனவே அங்கே வைத்தும், 90 செ.மீ. நீட்டித் தகரக் கூரை போட்டார்கள். கூரைக்கும் சில்லருக்கும் நடுவே சூடு வெளியேற அரை மீட்டர் இடைவெளி.

ஆடி: வெண்புள்ளி

வீட்டில் தனிமைத் தொட்டி உண்டு, முப்பது நாள் விதியும் உண்டு. ஆடியில் வந்த ஆறு மீன்களில் ஒன்று பவுடர் ப்ளூ டேங் என்ற வகை; அழகும் விலையும் அதிகம், வெண்புள்ளி நோய்க்கு இரையாவதிலும் முதலிடம். நான்கு நாளில் நன்றாகத் தின்கிறது, குறுகிய தொட்டியில் சுவரை முட்டுகிறது என்று பெரிய தொட்டியில் விட்டார்கள். ஒன்பது நாள் கழித்து அதன் துடுப்பில் உப்புத் தூவியது போலப் புள்ளிகள். மூன்று நாளில் மற்ற மீன்களும் வேகமாகச் செவுள் அடித்தன.

இந்த நோயைத் தரும் கிரிப்டோகேரியான் ஒட்டுண்ணி மீன் உடம்பில் சில நாள் தின்று, உதிர்ந்து, பாறையிலும் மணலிலும் கூடுகட்டும். அங்கே பிளந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகளை விடும். குஞ்சுக்கு ஓரிரு நாளில் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும். நோயைத் தீர்க்கும் தாமிர மருந்து மென்பவளத்தையும் இறாலையும் நத்தையையும் கொல்லும். பவளத்தொட்டிக்குள் போடவே முடியாது. பூண்டுச் சாறு, பவளத்துக்குத் தீங்கில்லாத மருந்து, புற ஊதா விளக்கு என்று ஆலோசனைகள் வந்தன. விளக்கு குஞ்சுகளில் ஒரு பகுதியைக் குறைக்கும், அவ்வளவே. எல்லா மீனையும் வெளியே எடுத்துத் தனியாக மருந்து கொடுப்பது, தொட்டியை 76 நாள் மீனில்லாமல் போடுவது என்று முடிவெடுத்தார்கள். வேறு எதுவும் பாதி வேலை.

23 மீன்கள், ஒட்டிய மூன்று தீவுகள். வலையால் இரண்டு மணி நேரத்தில் பிடிபட்டவை நான்கு. ஆறு நீல டிரம்களில் 1,200 லிட்டர் நீரை இறைத்து வைத்து, மட்டத்தை 30 செ.மீ.க்குக் கொண்டுவந்தும் குகைகளுக்குள் ஒளிந்தவை வரவில்லை. நாற்பது ஐம்பது கிலோ எடையுள்ள தீவுகளை இரண்டு பேர் தூக்க, அடியிலிருந்து ஒருவர் வலை பிடித்தார். ஒரு தீவு உடைந்தது. ஜோவாந்திட் ஒட்டிய துண்டுகளைக் கையுறையும் கண்ணாடியும் போட்டே தொட்டார்கள். அதன் பாலிடாக்சின் நஞ்சு கண்ணில் பட்டால் மருத்துவமனைதான்.

200 லிட்டர் தொட்டிகள் மூன்று. தாமிரத்தை நான்கு நாளில் படிப்படியாக 2.25 பிபிஎம்முக்கு உயர்த்தி, டிஜிட்டல் சோதனைக் கருவியில் தினமும் பார்த்து முப்பது நாள் நிறுத்தினார்கள். சம்ப்பில் எப்போதும் ஊறிக்கொண்டிருந்த ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றுதான் இருந்தது. மூன்று தொட்டிக்கு அது போதாமல் அம்மோனியா ஏறியது. அம்மோனியாவை அடக்கும் கண்டிஷனரைத் தாமிரத்தோடு கலந்தால் தாமிரமே மீனைக் கொல்லும் வடிவத்துக்கு மாறக்கூடும். அதனால் அதைத் தவிர்த்து, அதே தாமிர அளவுள்ள புதிய நீரைக் கலந்து தினமும் மூன்றில் ஒரு பங்கு மாற்றினார்கள். ஏழு மீன்கள் இறந்தன, முதலில் போனது பவுடர் ப்ளூ. 16 பிழைத்தன.

மீனில்லாத 76 நாளில் எதிர்பாராத இன்னொன்று. தீனி விழாததால் நைட்ரேட் 12இலிருந்து 1க்குக் கீழே போனது. பாஸ்பேட்டும் ஏறக்குறைய காலி. ஏழாவது வாரம் மணல் மேல் குமிழியோடு பழுப்புச் சளி படர்ந்தது, டைனோ (டைனோஃபிளாஜெல்லேட்) என்ற நுண்ணுயிர். சத்து வற்றிய நீரில், போட்டி போட வேறு பாசியோ பாக்டீரியாவோ இல்லாதபோது அது தலையெடுக்கும். நீர் மாற்றுவதை நிறுத்தி, சோடியம் நைட்ரேட் 17 கிராம் கரைத்து நைட்ரேட்டை 5 பிபிஎம் உயர்த்தி, பவளத் தீனியைக் கூட்டி, மூன்று நாள் விளக்கை அணைத்தார்கள். நான்கு வாரம் இழுத்து அடங்கியது. நீரைச் சுத்தம் செய்தால் போகும் என்று மாற்றிக்கொண்டே இருந்திருந்தால் இன்னும் பெருகியிருக்கும்.

இப்போதைய நிலை

ஐப்பசியில் மீன்கள் திரும்பின. உப்பு 35, வெப்பம் 26.5 முதல் 27.2, ஆல்கலினிட்டி (பிஹெச் இறங்காமல் நீர் தாங்கும் திறன்) 8 டி.கே.ஹெச்., நைட்ரேட் 8, பாஸ்பேட் 0.08. மின்செலவு குளிர்காலத்தில் நாளுக்குச் சுமார் 20 யூனிட், அக்னி நட்சத்திரத்தில் 30ஐத் தாண்டும். இரண்டு மாத பில்லில் தொட்டியின் பங்கு மட்டும் 1,200 யூனிட்டுக்கு மேல் வருகிறது. தொடங்கும்போது போட்ட மதிப்பீட்டில் இந்த வரி இல்லவே இல்லை.

மறுபடி கட்டினால்

சில்லரை முதல் நாளிலிருந்தே வெளியே, இரண்டாகப் பிரித்து. தொட்டி நிரப்பும் முன் ஜெனரேட்டரில் அதை ஏற்றி இறக்கிப் பார்ப்பது. மார்கழியில் பார்த்தால் போதாது, ஹீட்டரால் நீரை 29க்குக் கொண்டுபோய், அங்கிருந்து இறக்க எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பார்ப்பது. பதிவேட்டில் வெப்பத்தோடு சில்லர் ஓடிய மணி நேரத்தையும் எழுதி, அது வாரத்துக்கு வாரம் இரண்டு மணி நேரம் கூடினால் காரணம் தேடுவது.

பாறைத் தீவுகளை எபாக்ஸியால் ஒட்டாமல், ஃபைபர் கம்பியில் கோத்து, ஒரு ஆள் தனியாகக் கழற்றித் தூக்கும் பத்துப் பதினைந்து கிலோ துண்டுகளாக. அக்ரிலிக் மீன்பொறி ஒன்றை வாரம் ஒருமுறை தீனியோடு உள்ளே இறக்கிக் கதவைத் திறந்தே வைப்பது. பழகிய மீன்கள் தேவைப்படும் நாளில் தாமாக நுழையும். சம்ப்பில் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றுக்குப் பதில் நான்கு.

தனிமைத் தொட்டி பெரிதாக, குறைந்தது 400 லிட்டர். நான்கு நாளில் பவுடர் ப்ளூ மீனை அதிலிருந்து வெளியே விட்டதற்குக் காரணம் விதி தெரியாமை அல்ல. 100 லிட்டரில் அது தவித்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. இப்போது புதிய தொட்டி சம்ப் அறையில், பழைய சில்லர் நின்ற இடத்தில் இருக்கிறது. மீன் இறங்கும் நாளிலேயே வெளிவரும் தேதியையும் மார்க்கரால் கண்ணாடியில் எழுதிவிடுகிறார்கள்.